'பிளாக்டு' என்றால் பூட்டா, தாழ்ப்பாளா?

'பிளாக்டு' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, மேலே செல்ல வழியின்றித் தடைப்பட்டது என்று பொருள். ஜி.எஸ்.டி.யில் வணிகர்கள் இச்சொல்லை மூன்று இடங்களில் காணலாம். மூன்றும் ஒன்றல்ல.

முதலாவது, இ-வே பில். தொடர்ந்து இரண்டு வரிக் காலங்களுக்கு 3பி படிவம் தாக்கல் செய்யாவிட்டால், நாம் வெளியே அனுப்பும் சரக்குக்கு பில் எடுக்க முடியாது. பாக்கிப் படிவங்களைத் தாக்கல் செய்தால் தடை நீங்கும்.

இரண்டாவது, விதி 86ஏ-யின்படி அதிகாரி நிறுத்தி வைக்கும் உள்ளீட்டு வரி வரவு. காரணத்தை அவர் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஓராண்டுக்கு மேல் இத்தடை நீடிக்காது.

மூன்றாவது, பிரிவு 17(5) கூறும் 'பிளாக்டு கிரெடிட்'. திருடுபோன சரக்கு, எலி கடித்து அழித்த பிஸ்கட், இலவச மாதிரி ஆகியவற்றின் வரி வரவு நமக்குக் கிடையாது. எடுத்திருந்தால் திருப்பிக் கட்ட வேண்டும்.

முன்னவை இரண்டும் தாழ்ப்பாள், இதுவே பூட்டு. எந்த விதியின் கீழ் என்று முதலில் பாருங்கள்.