ஜாவா கற்போர் மனப்பாடம் செய்யும் முதல் வரி: ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் என்ன?

புதுடெல்லி: ஜாவா நிரலாக்க மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவர்கள் முதல் நாளிலேயே ஒரு நீண்ட வரியைச் சந்திக்கின்றனர். 'பப்ளிக் ஸ்டாட்டிக் வாய்ட் மெயின்' என்று தொடங்கும் அந்த வரியைப் பலரும் பொருள் அறியாமலேயே மனப்பாடம் செய்துவிடுகின்றனர். ஐசிஎஸ்இ பாடத்திட்டத்தில் கணினிப் பயன்பாடுகள் பாடத்தைத் தேர்வு செய்யும் 9, 10-ஆம் வகுப்பு மாணவர்கள் முதல் பொறியியல் மாணவர்கள் வரை இதே நிலைதான். மனப்பாடம் தேர்வுக்கு உதவலாம். ஆனால், வேலையில் எழுதும் நிரலில் ஒரு குறியீடு இடம் மாறினாலும் தவறான கணக்கில் பணம் சேர்ந்துவிடக்கூடும்.

படிவமும் பயணச்சீட்டும்: சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் கோஸ்லிங் தலைமையில் உருவாக்கப்பட்டு, 1995-ஆம் ஆண்டு வெளியான ஜாவா, பொருள் நோக்கு நிரலாக்க மொழிகளுள் ஒன்று. இந்த முறையின் விதை, 1960-களில் நார்வேயில் ஓலே-யோஹான் டால், கிறிஸ்டன் நிகார்ட் ஆகியோர் உருவாக்கிய சிமுலா மொழியில் இடப்பட்டது.

இதன் அடிப்படையை ரயில் முன்பதிவுப் படிவத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பெயர், வயது, பயண நாள் ஆகியவற்றுக்கான இடங்கள் மட்டும் உள்ள வெற்றுப் படிவம் 'கிளாஸ்'. ஒவ்வொரு பயணிக்காகவும் நிரப்பப்படும் தனித்தனிப் படிவம் 'ஆப்ஜெக்ட்'. அதில் உள்ள விவரங்கள் 'ஃபீல்டு' எனவும், ரத்து செய்தல் போன்ற செயல்கள் 'மெத்தட்' எனவும் அழைக்கப்படுகின்றன. 'நியூ' என்ற சொல் புதிய ஆப்ஜெக்டை உருவாக்குகிறது. அப்போது அதன் விவரங்களை நிரப்புவது 'கன்ஸ்ட்ரக்டர்'.

'பிரைவேட்' என்று குறிக்கப்பட்ட விவரத்தை வேறொரு கிளாஸ் நேரடியாக மாற்ற முடியாது. காத்திருப்புப் பட்டியல் எண்ணைப் பயணி தாமே திருத்த இயலாததைப் போன்றது இது.

முதல் வரியின் பொருள்: இந்தப் படிவ உவமையை மனத்தில் கொண்டால் முதல் வரி எளிதில் விளங்கும். 'பப்ளிக்' என்றால், வெளியிலிருந்தும் அழைக்கலாம் என்று பொருள். 'ஸ்டாட்டிக்' என்றால், எந்தத் தனிச் சீட்டுக்கும் உரியதன்று, கிளாஸ் முழுமைக்கும் பொதுவானது என்று பொருள். இதுவரை எத்தனை சீட்டுகள் வழங்கப்பட்டன என்ற எண்ணிக்கை எந்த ஒரு பயணியின் சீட்டிலும் அடங்காது அல்லவா? அதுபோலத்தான். நிரல் தொடங்கும்போது எந்த ஆப்ஜெக்டும் உருவாகியிருக்காது. எனவே, ஆப்ஜெக்ட் இல்லாமலேயே அழைக்கக்கூடியதாக 'மெயின்' இருக்க வேண்டியுள்ளது.

'வாய்ட்' என்பது, இந்த மெத்தட் எந்த விடையையும் திருப்பித் தராது என்பதைக் குறிக்கிறது. பிறை அடைப்புக்குறிக்குள் வரும் பகுதி, நிரலை இயக்குபவர் தொடக்கத்திலேயே தரும் சொற்களைப் பெறுவதற்கான இடம். 'மெயின்' என்பதன் முதல் எழுத்தைப் பேரெழுத்தில் எழுதினால், நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் அதைத் தடுக்காது. எனினும் நிரல் இயங்காது. ஜாவாவுக்குச் சிற்றெழுத்தும் பேரெழுத்தும் வேறுவேறு.

எண் என்றால் எல்லாம் எண்ணா?: ஜாவாவில் ஒவ்வொரு விவரத்துக்கும் அதன் வகையை முன்னரே சொல்ல வேண்டும். முழு எண்களுக்கு 'இன்ட்' என்று மாணவர்கள் பழகுகின்றனர். அதன் உச்ச வரம்பு 214,74,83,647. ரயில் பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணோ 10 இலக்கங்கள் கொண்டது. 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் 10 இலக்க எண் 400 கோடிக்குக் குறையாது என்பதால், அது 'இன்ட்' வகையில் அடங்காது. பிஎன்ஆர் எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ தேவையில்லை. எனவே, அதை எழுத்துச் சரமாக, அதாவது 'ஸ்ட்ரிங்' வகையில் வைப்பதே பொருத்தம். தொலைபேசி எண்ணுக்கும் இது பொருந்தும்.

கம்பைலர் சொல்லாத பிழைகள்: அரைப்புள்ளி விடுபட்டாலோ, நெளிவு அடைப்புக்குறி மூடப்படாவிட்டாலோ கம்பைலர் உடனே சுட்டிக்காட்டும். அந்தப் பிழைகள் அஞ்சத்தக்கவை அல்ல. தொடரியல் சரியாக இருந்து பொருள் மட்டும் மாறும் இடங்களே ஆபத்தானவை.

முதலாவது, தேவையற்ற அரைப்புள்ளி. 'சீட்டு ரத்தானால்' என்ற நிபந்தனையை 'இஃப்' கொண்டு எழுதி, அடைப்புக்குறியை மூடியவுடன் ஓர் அரைப்புள்ளி வைத்தால், நிபந்தனை அங்கேயே முடிந்துவிடும். அடுத்து வரும் 'பணத்தைத் திருப்பிக் கொடு' என்ற கட்டளை, ரத்து செய்யாதவர்களுக்கும் நிறைவேறும்.

இரண்டாவது, ஒப்பீடு. இரண்டு சமக்குறிகளைச் சேர்த்து எழுதி இரு ஸ்ட்ரிங்குகளை ஒப்பிட்டால், அவை இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்றே ஜாவா பார்க்கும். நிரலுக்குள்ளேயே எழுதிய சொற்களில் இது சரியான விடை தருவதுபோல் தோன்றும். பயனர் விசைப்பலகையில் அதே சொல்லைத் தட்டச்சு செய்தால், 'சமமில்லை' என்ற விடை வரும். உள்ளடக்கத்தை ஒப்பிட 'ஈக்குவல்ஸ்' மெத்தடைப் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவது, கன்ஸ்ட்ரக்டருக்கு முன் 'வாய்ட்' சேர்ப்பது. அவ்வாறு செய்தால் அது சாதாரண மெத்தடாக மாறிவிடும். யாரும் அழைக்காததால், படிவம் நிரப்பப்படாமலேயே கிடக்கும்.

புதிய பதிப்பில் மாற்றம்: தொடக்க நிலையினரின் சுமையைக் குறைக்கும் வகையில், 2025 செப்டம்பரில் வெளியான ஜாவா 25-ஆம் பதிப்பில் முதல் வரி சுருக்கப்பட்டுள்ளது. 'வாய்ட் மெயின்' என்று மட்டும் எழுதினாலே சிறிய நிரல் இயங்கும். கிளாஸ் பெயரையும் அறிவிக்கத் தேவையில்லை. ஆயினும், பழைய பதிப்புகள் நிறுவப்பட்ட கணினிகளில் இந்தச் சுருக்க வடிவம் செல்லாது. ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களைப் படிக்கவும் முழு வரியின் பொருள் தெரிந்திருக்க வேண்டும்.

பயிலும் முறை: இயங்கும் ஒரு சிறு நிரலை எடுத்து, அதில் ஒரு சொல்லை நீக்கி, என்ன நேரும் என்பதை முன்கூட்டியே தாளில் எழுதிவிட்டு இயக்கிப் பார்ப்பது நல்ல பயிற்சி. கணிப்பு தவறும் இடத்தில்தான் கற்க வேண்டிய பாடம் இருக்கும். ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டத்தில் ஜாவா அடிப்படைகளைக் கற்பிக்கும் காணொளிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.