கண்ணை மறைக்கும் பனி, காலை வாரும் பனி

தை மாதத்து விடியற்காலை. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் பேருந்து திண்டிவனத்தைத் தாண்டி, கூட்டேரிப்பட்டை நெருங்குகிறது. அதுவரை நன்றாகத் தெரிந்த சாலை சட்டென்று வெள்ளையாகிவிடுகிறது. முன்னால் போன லாரியைக் காணோம். அதன் இரண்டு சிவப்பு விளக்குகள் மட்டும் மங்கலாக மிதக்கின்றன. ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். விக்கிரவாண்டி சுங்கச்சாவடி வரை வண்டி ஊர்ந்துதான் போகிறது.

அதே தை மாதத்தில் நம் நாட்டின் வடகோடியைப் பாருங்கள். ஸ்ரீநகரிலிருந்து லே நகருக்குப் போகும் சாலை, சோஜி லா என்ற கணவாயை ஏறிக் கடக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் 3,528 மீட்டர். கடும்பனி விழுந்துவிட்டால் அங்கே சாலை மங்கலாகத் தெரிவதில்லை, சாலையே இருப்பதில்லை. பல மீட்டர் பனிக்கு அடியில் அது புதைந்து கிடக்கும்.

இரண்டு இடத்திலும் வண்டியைத் தடுத்தது தண்ணீர்தான். ஒரு வண்டி பத்திரமாகப் போக இரண்டு விஷயங்கள் வேண்டும். ஓட்டுபவருக்குப் பார்வை, சக்கரத்துக்குப் பிடிப்பு. திண்டிவனமும் விக்கிரவாண்டியும் உள்ள விழுப்புரத்துப் பனி பார்வையைப் பறிக்கிறது. இமயத்துப் பனி பிடிப்பைப் பறிக்கிறது, சில நேரம் இரண்டையும் சேர்த்தே பறித்துக்கொள்கிறது. ஒரே தண்ணீர் எப்படி இரண்டு விதமாக வேலை செய்கிறது என்பதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

முதலில் நம்மூர். காற்றில் எப்போதும் கண்ணுக்குத் தெரியாத நீராவி கலந்திருக்கிறது. காற்று சூடாக இருந்தால் அதிக நீராவி தங்கும். குளிர்ந்தால் குறைவாகத்தான் தங்கும். 30 டிகிரி செல்சியஸில் ஒரு கனமீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கலாம். 20 டிகிரியில் அது 17 கிராம்தான். 0 டிகிரியில் வெறும் 5 கிராம். காற்று குளிரும்போது மிச்சமுள்ள நீராவி எங்கே போகும்? நுண்ணிய துளிகளாக மாறிவிடும். தரையிலும் புல்லிலும் படிந்தால் பனித்துளி. காற்றிலேயே மிதந்தால் மூடுபனி.

மழைக்காலம் முடிந்த கையோடு இது நடப்பதற்குக் காரணம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் திண்டிவனம், மயிலம், விக்கிரவாண்டிப் பக்கத்து ஏரிகள் நிரம்பியிருக்கும். நெல் வயல்களில் தண்ணீர் நிற்கும். வீடூர் அணையிலும் நீர் இருக்கும். ஆக, ஈரத்துக்குப் பஞ்சமில்லை. மார்கழியும் தையும் பிறந்தால் வானத்தில் மேகம் விலகிவிடும். பகலில் வெயிலை வாங்கிச் சூடான தரை, இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக மேலே அனுப்புகிறது. மேகம் இருந்தால் போர்வை மாதிரி அதைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். மேகம் இல்லாத இரவில் வெப்பம் நேராக விண்வெளிக்குப் போய்விடுகிறது. தரை குளிர்கிறது, தரையை ஒட்டிய காற்றும் குளிர்கிறது. பலத்த காற்று வீசினால் மேலே உள்ள சூடான காற்று கலந்து பனியைக் கலைத்துவிடும். காற்று அசையாத இரவென்றால் சாலை மேல் வெள்ளைத் திரை விழுந்துவிடும். வயலும் ஏரியும் உள்ள தாழ்வான இடத்தில் திரை கனமாக இருக்கும். மேட்டுக்கு ஏறினால் மெலியும். அதனால்தான் ஒரே சாலையில் ஒரு கிலோமீட்டர் தெளிவாகவும் அடுத்த கிலோமீட்டர் ஒன்றுமே தெரியாமலும் இருக்கிறது. ஓட்டுநர்கள் அதிகம் பயப்படுவது இந்தத் திடீர் மாற்றத்துக்குத்தான்.

இந்தத் திரையில் எவ்வளவு தண்ணீர் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? உங்கள் வீட்டில் மூன்று மீட்டர் நீளம், அகலம், உயரமுள்ள ஓர் அறையை மூடுபனியால் நிரப்பினால், அதிலுள்ள தண்ணீர் முழுவதும் சேர்ந்தும் ஒரு தேக்கரண்டி அளவுதான் வரும். ஒரு தேக்கரண்டித் தண்ணீர் ஒரு லாரியையே மறைக்கிறது! தண்ணீர் கோடிக்கணக்கான துளிகளாக உடைந்திருப்பதே இதற்குக் காரணம். ஒவ்வொரு துளியும் நம் தலைமுடியின் பருமனில் ஏழில் ஒரு பங்கு இருக்கலாம். ஒவ்வொன்றும் தன் மேல் படும் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கிறது. எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிப்பதால்தான் மூடுபனி வெள்ளையாகத் தெரிகிறது.

பனிக்குள் சிலர் ஹெட்லைட்டை 'ஹை பீம்' போட்டு ஓட்டுவார்கள். அதிக வெளிச்சம் இருந்தால் அதிகம் தெரியும் என்று நினைப்பு. நடப்பது நேர்மாறு. அந்த வெளிச்சம் துளிகளில் பட்டு ஓட்டுநரின் கண்ணுக்கே திரும்பி வருகிறது. வெள்ளைச் சுவர் இன்னும் வெள்ளையாகிறது. பனிவிளக்குகளை வண்டியின் அடிப்பக்கத்தில் பொருத்துவது இதனால்தான். தாழ்வாகவும் அகலமாகவும் விழும் ஒளி, கண்ணுக்கு நேரே உள்ள துளிகளை விட்டுவிட்டுச் சாலையைக் காட்டுகிறது.

துளி உண்டாக இன்னொன்றும் தேவை: ஒட்டிக்கொள்ள ஒரு தூசி. ஜான் எய்ட்கன் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் 1880-இல் இதைக் காட்டினார். ஒரு கண்ணாடிப் பாத்திரத்தில் சாதாரணக் காற்று; இன்னொன்றில் பஞ்சால் வடிகட்டித் தூசி நீக்கிய காற்று. இரண்டிலும் நீராவியைச் செலுத்தினார். சாதாரணக் காற்று உள்ள பாத்திரத்தில் மட்டும் மூடுபனி எழுந்தது. இப்போது போகி நாளை நினைத்துப் பாருங்கள். பழைய பாயும் டயரும் எரிக்கும்போது எத்தனை கோடித் துகள்கள் காற்றில் சேரும்! 2018 ஜனவரி 13, போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து, விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் போனது. பல விமானங்கள் தாமதமாயின. சில வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. டயர் எரிப்பது மூச்சுக்குக் கெடுதல் என்று உங்களுக்குத் தெரியும். அது சாலையில் போகிறவர்களின் கண்ணையும் கட்டுகிறது என்பதை வீட்டில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

விழுப்புரம் சந்திப்பு வழியாகப் போகும் ரயில்களும் பனிக்குத் தப்புவதில்லை. சிக்னல் விளக்கு தெரியாவிட்டால் ரயிலை எப்படி ஓட்டுவது? ரயில்வேயில் ஒரு பழைய வழி இருக்கிறது. சிக்னலுக்கு முன்னால் தண்டவாளத்தின் மேல் ஒரு சிறு வெடியைப் பொருத்திவிடுவார்கள். இன்ஜின் சக்கரம் ஏறியதும் அது 'டமார்' என்று வெடிக்கும். சிக்னல் வரப்போகிறது என்று ஓட்டுநர் காதால் தெரிந்துகொள்வார். இப்போது, அடுத்த சிக்னல் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று செயற்கைக்கோள் உதவியோடு சொல்லும் கருவிகளும் வந்திருக்கின்றன. ஆனாலும் கண் பார்க்க முடியாததைக் காதுக்குச் சொல்லும் அந்த வெடிதான் எனக்கு அதிகம் பிடிக்கும்.

சாலையில் அப்படி வெடி கிடையாது. வேகத்தைக் குறைப்பதுதான் ஒரே வழி. எவ்வளவு குறைக்க வேண்டும்? கணக்குப் போடுவோம். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் ஓடும். ஆபத்தைப் பார்த்து, பிரேக்கில் கால் வைக்கவே ஒரு விநாடி ஆகிவிடும். பிறகு காய்ந்த சாலையில் கார் நிற்க ஏறக்குறைய 36 மீட்டர் வேண்டும். மொத்தம் 58 மீட்டர். பனியில் சாலை ஈரமாக இருந்தால் 85 மீட்டர் ஆகலாம். கண்ணுக்குத் தெரிவதோ 50 மீட்டர்! வேகத்தை 40-ஆகக் குறைத்தால் ஈரச்சாலையிலும் 27 மீட்டரில் வண்டி நின்றுவிடும். பாதி வேகம் என்றால் பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து அது மாறுகிறது.

இனி மலை ஏறலாம். உயரே போகப் போக, ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறையும். கடல்மட்டத்தை ஒட்டிய விழுப்புரத்தில் பனிக்கால இரவில் 20 டிகிரி என்றால், 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் ஐந்து, ஆறு டிகிரிதான். மேகமில்லாத இரவில் குளிர்ந்த காற்று கனத்து, சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அப்போது ஊட்டிப் பக்கத்துக் காந்தல், தலைக்குந்தா புல்வெளிகளில் வெப்பநிலை பூஜ்யத்தைத் தொட்டுவிடும். காலையில் பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. தேயிலைக் கொழுந்து கருகும். நின்றிருந்த கார்களின் கண்ணாடியைச் சுரண்ட வேண்டியிருக்கும்.

அப்படியானால் ஊட்டியில் ஏன் காஷ்மீர்போல் பனி பொழிவதில்லை? பனி பொழிய மேகம் வேண்டும். ஆனால் மேகம் வந்த இரவில் ஊட்டி அந்த அளவுக்குக் குளிர்வதில்லை. குளிர்கிற இரவில் மேகம் இருப்பதில்லை. இரண்டும் சேர்ந்து வருவதற்கு இன்னும் உயரேயும் இன்னும் வடக்கேயும் போக வேண்டும். இமயத்தில் குளிர்காலத்தில் மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தோடு வரும் காற்றுச் சுழற்சிகள் மலையில் மோதி மேலேறி, உறைந்து, பனியாகக் கொட்டுகின்றன.

எவ்வளவு கொட்டும்? நம்மூர் மழையை வைத்தே அளந்து பார்க்கலாம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. வீடுகளும் வயல்களும் மூழ்கியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். புதிதாக விழுந்த பனியில் பெரும்பகுதி காற்றுதான். 1 சென்டிமீட்டர் மழைத் தண்ணீர் ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் பனியாகும். அந்த மயிலம் மழை முழுதும் பனியாக விழுந்திருந்தால் 5 மீட்டர் உயரம்! மாடிவீட்டின் தரைத்தளம் முழுகிவிடும். வெள்ளம் வடிந்து ஓடிவிடும், பனியோ விழுந்த இடத்திலேயே மாதக்கணக்கில் கிடக்கும். அடுத்த பனி அதன்மேல் விழும். 30 முதல் 45 டிகிரி வரை சாய்ந்த சரிவுகளில் இந்த அடுக்குகளில் ஒன்று பலவீனமாக இருந்தால், மேலே உள்ளதெல்லாம் பாளம் பாளமாக வழுக்கி இறங்கும். அதுதான் பனிச்சரிவு. சோஜி லா சாலையின் பெரும் ஆபத்தும் அதுவே.

அந்தச் சாலையைத் திறப்பவர்கள் 1960-இல் தொடங்கப்பட்ட எல்லைச் சாலைகள் அமைப்பைச் சேர்ந்தவர்கள். பனியை வெட்டித் தூர எறியும் இயந்திரங்களோடு, கணவாயின் இரண்டு பக்கமிருந்தும் வேலையைத் தொடங்கி நடுவில் சந்திப்பார்கள். முன்பு ஐந்தாறு மாதம் மூடிக் கிடந்த சாலையை 2023-இல் 68 நாளில், மார்ச் 16 அன்று திறந்துவிட்டார்கள். அந்த உயரத்தில், அந்தக் குளிரில், எப்போது மேலிருந்து பனி சரியும் என்று தெரியாமல் வேலை செய்பவர்களை நாம் பெரிதாகப் பேசுவதே இல்லை. பேச வேண்டும்.

சாலையைத் திறந்தாலும் சிக்கல் தீராது. பகல் வெயிலில் உருகிய நீர் இரவில் மெல்லிய கண்ணாடியாக உறைந்துவிடும். கறுப்புத் தார்ச்சாலையின் மேல் அது இருப்பதே தெரியாது. அதில் 40 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் போட்டால் வண்டி அறுபது மீட்டருக்கு மேல் வழுக்கிக்கொண்டே போகும். காய்ந்த சாலையில் அதற்கு 9 மீட்டர் போதும். பனிக்கட்டி ஏன் இப்படி வழுக்குகிறது? அதன் மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகள் உள்ளே இருப்பவை போல் இறுகப் பிணைந்திருப்பதில்லை. பூஜ்யத்துக்குக் கீழேயும் அங்கே தண்ணீர் போன்ற ஒரு மெல்லிய படலம் இருக்கிறது. 1850-இலேயே மைக்கேல் ஃபாரடே இதை ஊகித்தார். இரண்டு பனிக்கட்டிகளைச் சேர்த்து அழுத்தினால் ஒட்டிக்கொள்கின்றன அல்லவா? இடையில் மாட்டிய படலம் உறைந்துவிடுவதுதான் காரணம் என்றார்.

அதனால் மலைச்சாலையில் டயருக்கு இரும்புச் சங்கிலி கட்டுகிறார்கள். சாலையில் மணலைத் தூவுகிறார்கள். டீசல்கூட அந்தக் குளிரில் கெட்டியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும். லடாக்குக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத தனி டீசலை 2019-இல் இந்தியன் ஆயில் நிறுவனம் கொண்டுவந்தது. மலையின் மேல் ஏறாமல் உள்ளே புகுந்து போவதும் ஒரு வழி. மணாலி அருகே 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை 2020 அக்டோபர் 3-ஆம் தேதி திறக்கப்பட்டது. அதன்பின் மலைக்கு அப்பால் வாழும் லாஹௌல் மக்கள் பனிக்காலத்தில் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாயை நம்பியிருக்க வேண்டியதில்லை. சோஜி லாவுக்கு அடியிலும் சுரங்கம் குடைகிறார்கள்.

குளிர்நாடுகளில் சாலைப் பனியை உருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். உப்பு கலந்த நீர் பூஜ்யத்தில் உறையாது; நிறைய உப்பு இருந்தால் மைனஸ் 21 டிகிரி வரை திரவமாகவே இருக்கும். உப்புக்கு நாம் எங்கும் போக வேண்டாம். திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள்தான்.

உப்பு செய்யும் இந்த வேலையை வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு எவர்சில்வர் டம்ளர்களில் நொறுக்கிய ஐஸைப் போடுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு மூன்று கரண்டி கல்லுப்பைக் கலந்து கிளறுங்கள். சாதாரண டம்ளரின் வெளிப்பக்கம் நீர் முத்துகள் பூக்கும்: அது விழுப்புரத்துப் பனித்துளி. உப்புப் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் சில நிமிடங்களில் வெள்ளையாக உறைபனி படியும்: அது ஊட்டி. அதை வெறும் விரலால் வெகுநேரம் தொடாதீர்கள், தோல் ஒட்டிக்கொள்ளும். அடுத்தமுறை உப்புக்குப் பதில் அதே அளவு சர்க்கரை போட்டுப் பாருங்கள். உறைபனி வருகிறதா? வராவிட்டால் ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு கரண்டி உப்பில் எத்தனை துகள்கள், ஒரு கரண்டி சர்க்கரையில் எத்தனை என்பதிலிருந்து அவர் தொடங்குவார்.