சர்க்கரையில் மலர்ந்த செங்காந்தள்

(இறுதியாண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

பூவின்றி நமக்கு விழா இல்லை. தொட்டில் கட்டும் நாள் முதல் இறுதி ஊர்வலம் வரை பூ நம்மோடு வருகிறது. சூடுகிறோம், தொடுக்கிறோம், தூவுகிறோம். வாழைப்பூவையும் வேப்பம்பூவையும் அகத்திப்பூவையும் சமைத்து உண்ணவும் செய்கிறோம். இவ்வரிசையில் புதிதாக வந்து சேர்ந்திருப்பது, பிறந்தநாளுக்கும் திருமணத்துக்கும் மணிவிழாவுக்கும் சொல்லிவைத்துச் செய்விக்கும் கேக்கின் மேல் அமர்கின்ற சர்க்கரைப் பூ. பார்ப்பதற்கு மெய்ப்பூ, வாயிலிட்டால் இனிப்பு.

சென்ற நவம்பரில் நம் கல்லூரித் தாவரவியல் துறையின் வெள்ளி விழாவில் வெட்டப்பட்ட கேக்கை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதைச் செய்தவர் என் அக்கா. வீட்டிலேயே கேக் செய்து விற்பவர். தாவரவியல் மாணவர்கள் விரும்பிக் கேட்டபடி, நம் மாநில மலரான செங்காந்தளைச் சர்க்கரையில் மூன்று செய்திருந்தார். அன்று விடியற்காலையிலிருந்தே மழை. விழா மண்டபத்தில் பெட்டியைத் திறந்தபோது, கேக்கின் மேலிருந்த பூ இதழ் தளர்ந்து சரிந்து கிடந்தது. தனிப் பெட்டியில் கொண்டுவந்த மற்ற இரண்டும் நன்றாக இருந்தன. குறையை மறைக்க எண்ணிய நண்பர் ஒருவர், வேலியோரம் பூத்திருந்த அரளியைக் கொத்தாகப் பறித்து வந்து கேக்கில் செருகப் போனார். அக்கா சட்டென்று குறுக்கே கை நீட்டித் தடுத்துவிட்டார். "வேண்டாம் தம்பி, இது சாப்பிடுற பொருள். இடம் காலியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும்" என்றார். இரண்டு பூக்களோடுதான் கேக் வெட்டப்பட்டது.

ஒரே கையால் செய்த மூன்று பூக்களில் ஒன்று மட்டும் ஏன் சரிந்தது? அழகான அரளியை ஏன் வைக்கக் கூடாது? இவ்விரு கேள்விகளுக்கும் விடை தேடிப் போனதில் நான் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

அரண்மனையும் பஞ்சகாலமும்

கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சுப் பூசும் வழக்கம் இங்கிலாந்தில் வேரூன்றியது. 1769-இல் எலிசபெத் ராஃபால்ட் என்ற அம்மையார் வெளியிட்ட சமையல் நூலிலேயே, மணமகள் கேக்கின் மேல் பாதாம் பூச்சும் அதன் மேல் சர்க்கரைப் பூச்சும் இடும் முறை கூறப்பட்டுள்ளது. 1840-இல் விக்டோரியா அரசியின் திருமணத்துக்குச் செய்த கேக் ஏறத்தாழ 300 பவுண்டு எடை கொண்டது. அக்காலத்தில் வெள்ளை வெளேரென்ற சர்க்கரை செல்வத்தின் அடையாளம்.

அதே நாட்டில் இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரை பங்கீட்டுப் பொருளாயிற்று. 1940 ஆகஸ்டில், கேக்கின் மேல் ஐசிங் இட்டு விற்பதே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? அட்டையாலும் சுண்ணச் சாந்தாலும் ஆன அழகிய அடுக்குக் கேக்கைச் சிறிய கேக்கின் மேல் மூடிபோலக் கவிழ்த்து, படம் எடுத்துக்கொண்டனர். வெட்டும் நேரத்தில் மூடியை எடுத்துவிடுவர். விழாவில் அலங்காரத்தை மனிதர் எவ்வளவு நாடுகின்றனர் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. அங்கே சர்க்கரைப் பங்கீடு முடிவுற்றது 1953-இல்.

2011-இல் இளவரசர் வில்லியம் – கேத்தரின் திருமணக் கேக்கில் 17 வகைப் பூக்கள், ஏறத்தாழ 900, சர்க்கரையால் செய்து பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று 'லில்லி ஆஃப் தி வேலி' என்னும் சிறு வெண்மணிப் பூ. அப்பூவைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

மூவகைப் பூக்கள்

கேக் செய்வோர் கையாளும் பூக்கள் பெரும்பாலும் மூன்று வகைப்படும்.

முதலாவது பட்டர் கிரீம் பூ. வெண்ணெயும் பொடித்த சர்க்கரையும் சேர்த்துக் குழைத்து, கூம்புப் பையில் இட்டு, நாசில் வழியாகப் பிழிந்து இதழ் இதழாக அமைப்பது. முறுக்கு பிழியத் தெரிந்தவர் கைக்கு இது விரைவில் வசப்படும். ஆனால் வெண்ணெய்க் கொழுப்பு 32 முதல் 35 பாகை செல்சியசில் உருகிவிடும். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கு இது தோழனன்று.

இரண்டாவது ராயல் ஐசிங் பூ. முட்டையின் வெண்கருவையும் பொடித்த சர்க்கரையையும் நுரைக்க அடித்துப் பிழிவது. காய்ந்தால் கெட்டியாகி மொறுமொறுக்கும். முந்திரியும் சர்க்கரையும் வெண்கருவும் சேர்ந்த தூத்துக்குடி மக்ரூனைத் தின்றவர்கள் இதன் உறவை நாவால் அறிவர்.

மூன்றாவது கம் பேஸ்ட் பூ. பிசின் சேர்த்த சர்க்கரையைச் சப்பாத்தி மாவுபோலப் பிசைந்து, தாளினும் மெல்லியதாகத் தேய்த்து, இதழ்களை வெட்டி வனைவது. மெய்ப்பூவுக்கு மிக அருகில் வருவது இதுவே. அக்காவின் செங்காந்தள் இவ்வகையைச் சார்ந்தது.

செங்காந்தள் செய்த விதம்

ஒரு முட்டையின் வெண்கருவுக்கு ஏறத்தாழ 225 கிராம் பொடித்த சர்க்கரை, மூன்று தேக்கரண்டி பிசின் தூள், ஒரு தேக்கரண்டி வனஸ்பதி என்பது கணக்கு. பச்சை வெண்கருவில் நோய்க்கிருமி இருக்கக்கூடும் என்பதால், கிருமி நீக்கி உலர்த்திய வெண்கருப் பொடியை நீரில் கரைத்துச் சேர்ப்பதே அக்காவின் வழக்கம். பிசைந்த மாவை உடனே பயன்படுத்தாமல், காற்றுப் புகாமல் மூடி ஓர் இரவு வைத்திருப்பார். பிசின் நீரை உறிஞ்சி ஊறினால்தான் மாவு கிழியாமல் இழுபடும்.

முதலில் அவர் படத்தைப் பார்த்து ஐந்து இதழ்கள் வைத்தே ஒரு பூ செய்து காட்டினார். தாவரவியல் பேராசிரியை அதைக் கையில் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "கைவேலை நன்றாயிருக்கிறது. ஆனால் செங்காந்தளுக்கு இதழ் ஆறு, மகரந்தத் தாளும் ஆறு. சூல்தண்டு பக்கவாட்டில் மடங்கி நிற்கும்" என்று சொல்லி, தோட்டத்தில் பூத்திருந்த கொடியருகே அழைத்துச் சென்று காட்டினார். மொட்டவிழும்போது பசுமை கலந்த மஞ்சள், பிறகு அடி மஞ்சளும் நுனிச் சிவப்பும், முதிர்ந்தபின் முழுச் சிவப்பு என்று ஒரே பூ நாளுக்கு நாள் நிறம் மாறுவதையும் விளக்கினார். அக்கா அன்றே முடிவு செய்தார்: மூன்று பூவும் மூன்று பருவத்தில் இருக்க வேண்டும் என்று.

மாவை மெல்லியதாகத் தேய்த்து, நீண்ட இதழ்களாக வெட்டி, ஒவ்வொன்றின் ஓரத்திலும் பல்குச்சியை உருட்டினார். குச்சி உருளும் இடத்தில் மாவு மெலிந்து அலையலையாய்ச் சுருளும். செங்காந்தளின் நெளிந்த ஓரம் அப்படித்தான் பிறந்தது. பின்பு இதழ்களைக் கவிழ்த்த கிண்ணத்தின் முதுகில் படுக்கவைத்து, வளைவோடு இரண்டு நாள் காயவிட்டார். காய்ந்த இதழ்களுக்குத் தூரிகையால் வண்ணப் பொடி தடவி, ராயல் ஐசிங்கால் ஒட்டினார்.

பொதுவாக இதழ்களையும் மகரந்தத் தாள்களையும் மெல்லிய கம்பியில் கோப்பதுண்டு. கம்பியுள்ள பூவை உண்ணலாகாது; கம்பியை நேரே கேக்கில் குத்துவதும் தவறு. கேக் வெட்டுமுன் அத்தகைய பூவை எடுத்துவிட வேண்டும் என்று விழா வீட்டாரிடம் சொல்லியாக வேண்டும். கல்லூரி விழாவில் யார் எதை எடுத்து வாயில் போடுவார் என்று யார் கண்டார்? ஆதலால் அக்கா கம்பியைக் கைவிட்டு, மகரந்தத் தாள்களுக்குச் சேமியாவைப் பயன்படுத்தினார். முழுப் பூவும் உண்ணத்தக்கதாயிற்று.

பூ சரிந்தது ஏன்?

இனி என் பாடத்துக்கு வருகிறேன். கம் பேஸ்ட்டில் சர்க்கரையின் நுண்படிகங்கள், சர்க்கரை முற்றக் கரைந்த பாகின் மெல்லிய படலத்தால் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. பிசினின் நீண்ட மூலக்கூறுகள் நீரை உறிஞ்சி உப்பி, வலைபோலப் பின்னி, மாவுக்கு இழுவையைத் தருகின்றன. அந்தக் காலத்தில் டிராககாந்த் என்னும் மரப்பிசினைச் சேர்த்தனர். இன்று செல்லுலோசிலிருந்து பெறப்படும் கார்பாக்சி மீதைல் செல்லுலோஸ் பெரிதும் பயன்படுகிறது. நீர் ஆவியாகும்போது பாகிலுள்ள சர்க்கரை மீண்டும் படிகமாகி, பழைய படிகங்களிடையே பாலமிடுகிறது. இதழ் விறைத்து நிற்பது இப்பாலங்களால்தான்.

இம்மாற்றம் எதிர்த்திசையிலும் நிகழும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 85 விழுக்காட்டைத் தாண்டினால், சர்க்கரைப் படிகம் காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். குளுக்கோஸ் கலந்திருந்தால் இன்னும் முன்னதாகவே இளகும். வடகிழக்குப் பருவமழை நாளில் இந்த அளவு ஈரம் நமக்குப் புதிதன்று.

அன்று மூன்று பூக்களும் ஒரே மாவில் செய்தவை. ஒரே நாளில் காய்ந்தவை. வேறுபாடு இருப்பிடத்தில் மட்டுமே. கேக்கின் தோற்றத்தைப் பார்ப்பதற்காக ஒரு பூவை முன்னிரவே கிரீமின் மேல் பொருத்தி, கேக்கோடு குளிர்பெட்டியில் வைத்திருந்தார். மற்ற இரண்டும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் இருந்தன. முதற்பூவின் அடி கிரீமின் ஈரத்தை இரவு முழுதும் உறிஞ்சியது. காலையில் குளிர்ந்த பூ வெளியே வந்ததும் மழைக்காற்றின் நீராவி அதன் மேல் பனித்துளியாய்ப் படிந்தது. படிகப் பாலங்கள் கரைந்தன, இதழ் சாய்ந்தது. ஆய்வுக்கூடத்தில் திட்டமிட்டுச் செய்திருந்தாலும் இதைவிடத் தெளிவான ஒப்பீட்டுச் சோதனை அமைந்திராது.

அன்று முதல் அக்கா எந்தப் பூவையும் விழா இடத்தில்தான் பொருத்துகிறார். கூடுதலாக ஒரு பூவும் செய்து எடுத்துச் செல்கிறார்.

நிறமும் நஞ்சும்

'உண்ணத்தக்கது' என்ற சொல்லின் முழுப் பொருளும் நிறத்தில் வெளிப்படும். 2024 பிப்ரவரியில் தமிழக அரசு பஞ்சு மிட்டாய்க்குத் தடை விதித்ததை அறிவோம். துணிக்கும் தோலுக்கும் ஏற்றும் ரோடமின்–பி என்ற சாயம் அதில் கலந்திருந்ததே காரணம். அந்த இளஞ்சிவப்பு கண்ணைக் கவரும். உணவில் அதற்கு அனுமதியில்லை. சில மினுமினுப்புத் தூள்களின் புட்டியில் 'நஞ்சற்றது' என்று மட்டும் அச்சிட்டிருக்கும். நஞ்சற்றது வேறு, உண்ணத்தக்கது வேறு. உணவுக்கென்று அனுமதிக்கப்பட்ட நிறமா என்று சீட்டைப் படித்தே வாங்க வேண்டும். நிறத்தை வீட்டிலேயே எடுப்பதும் உண்டு. சங்குப்பூவின் நீலம் எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாக மாறும். ஆகவே எலுமிச்சை சேர்த்த ராயல் ஐசிங்கில் நீலத்தை எதிர்பார்த்தவர் ஏமாந்து போவார்!

அடுத்தது அரளி. அதன் எல்லா உறுப்புகளிலும் இதயத்தைத் தாக்கும் ஒலியாண்ட்ரின் முதலிய நச்சுப் பொருள்கள் உள்ளன. 2024 மே மாதத்தில் கேரளத்தின் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவை விலக்கியது. கேக்கின் ஈரக் கிரீமில் அதன் காம்பைச் செருகினால், அதன் பால் உணவில் கசியும். 'யாரும் பூவைத் தின்னப்போவதில்லையே' என்ற வாதம் அங்கே நிற்காது. கடையில் வாங்கும் ரோஜாகூட, நல்ல பூவாயினும், பூச்சிமருந்து தெளித்ததாக இருக்கலாம்.

இன்னும் ஒரு வியப்பு உண்டு. செங்காந்தளே நஞ்சு! உழவர் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுவதும் இதைத்தான். இதிலுள்ள கோல்சிசின் அளவோடு கொடுத்தால் மூட்டுவாத நோய்க்கு மருந்து. அளவு மிஞ்சினால் உயிருக்கு ஆபத்து. இங்கிலாந்து அரச கேக்கில் இடம்பெற்ற லில்லி ஆஃப் தி வேலியும் இதயத்தைத் தாக்கும் நஞ்சுடையதே. இயற்கை 'தொடாதே' என்று தள்ளிவைத்த பூக்களை, குழந்தையும் வாயிலிடும்படி தட்டில் வைக்க இயன்றது கைத்தொழிலால் மட்டுமே. சர்க்கரைப் பூவை வெறும் போலி என்று சொல்வோர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

விலை எதற்கு?

"சர்க்கரைதானே, இதற்கா இவ்வளவு விலை?" என்று அக்காவிடம் கேட்போர் பலர். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மூன்று பூவிலும் சேர்ந்துள்ள சர்க்கரையின் விலை சில ரூபாய்தான். ஆனால் இதழ்கள் பதினெட்டு. மகரந்தத் தாள்கள் பதினெட்டு. ஒவ்வோர் இதழும் தேய்த்து, வெட்டி, ஓரம் நெளித்து, காயவைத்து, வண்ணமிட்டு, ஒட்டப்பட்டது. சமையலும் பிள்ளைகளும் உறங்கிய பிறகு, இரண்டு இரவுகள் அக்கா விழித்திருந்தார். கைமுறுக்குச் சுற்றும் பாட்டியின் விரலுக்கு நாம் விலை போடுவதில்லை. அரிசி மாவுக்கே விலை போட்டுப் பழகிவிட்டோம். வீட்டில் இருந்தபடி பெண்கள் செய்யும் தொழில் பலவற்றுக்கும் இதுவே கதி.

விழா முடிந்து கணக்குச் சீட்டைக் கொடுத்தபோது, அக்கா இரண்டு பூக்களுக்கு மட்டுமே விலை எழுதியிருந்தார். யாரும் குறைக்கச் சொல்லவில்லை. பேராசிரியை சீட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து இரண்டை மூன்றாகத் திருத்தினார். "சரிந்த பூவை நாங்கள் உண்ணவில்லை. ஆனால் அரளியைத் தடுத்தீர்களே, அதற்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்" என்றார்.

நண்பர்களே, அடுத்த முறை ஒரு சர்க்கரைப் பூ உங்கள் தட்டுக்கு வந்தால், ஒதுக்கி வைக்காமல் ஓர் இதழையாவது உண்டு பாருங்கள். யாரோ ஒருவர் இரவெல்லாம் விழித்து, 'இதை நம்பி உண்ணலாம்' என்று கொடுத்த வாக்கு அது.