ஒட்சியேற்ற எதிரிகள்: கீரைக்கட்டும் குளிசைப் போத்தலும்

உணவு சக்தியாக மாறும்போது உடற்கலங்களில் சுயாதீன மூலிகங்கள் என்னும் நிலையற்ற துணிக்கைகள் உருவாகின்றன. இலத்திரன் குறைபட்ட இவை அருகிலுள்ள கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றிலிருந்து இலத்திரனைப் பறித்துச் சிதைவை உண்டாக்கும். புகைத்தலும் கடும் வெயிலும் இவற்றைப் பெருக்கும். தம் இலத்திரனைக் கொடுத்து இந்தச் சிதைவை நிறுத்தும் பொருட்களே ஒட்சியேற்ற எதிரிகள். பாமசிகளில் இவற்றின் பெயர் அன்டிஒக்சிடன்ட். இதற்கான சில நொதியங்களை உடலே ஆக்கிக்கொள்கிறது. விற்றமின் சி, விற்றமின் ஈ, கரோட்டினொயிட்டுகள், பொலிபினோல்கள் ஆகியவை உணவிலிருந்தே வர வேண்டும். ஆனால் மூலிகங்கள் முற்றிலும் வேண்டாதவை அல்ல. கிருமிகளைக் கொல்ல வெண்குருதிக் கலங்கள் அவற்றையே பயன்படுத்துகின்றன. எனவே எதிரிகள் கூடக் கூட நலமும் கூடும் என்ற கணக்கு பிழையானது.

திருகோணமலையில் ஒட்சியேற்ற எதிரிகள் தரும் உணவுக்குப் பஞ்சமில்லை. முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, அகத்தி ஆகிய இலைகள் எல்லாவற்றிலும் கரோட்டினொயிட்டுகள் உண்டு. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராம் அளவுக்கு விற்றமின் சி இருக்கிறது. வளர்ந்தவரின் நாளாந்தத் தேவை 100 மில்லிகிராமுக்கும் குறைவு. தம்பலகாமம் போன்ற வயற்பகுதிகளில் உண்ணப்படும் சிவப்பரிசியின் நிறமே அதன் தவிட்டிலுள்ள பொலிபினோல்தான். கடல் மீன் தரும் செலீனியம் உடலின் சொந்த நொதியங்களுக்குத் தேவை. சீனக்குடாவின் பெரிய ஆலையில் அரைபடும் வெள்ளைக் கோதுமை மாவின் கதை வேறு. தவிடும் முளையும் நீங்கும்போது விற்றமின் ஈயின் பெரும்பகுதியும் போய்விடுகிறது. மூன்று வேளையும் பாணும் பரோட்டாவுமாக உண்ணும் வீட்டில் இந்த இழப்பு சிறியதல்ல.

சமையலிலும் கவனம் வேண்டும். விற்றமின் சி நீரில் கரையும், சூட்டில் அழியும்; ஆகவே கீரையைக் கழுவிய பின் நறுக்குவதும், அடுப்பிலிருந்து இறக்கிய பின் தேசிப்புளி விடுவதும் நல்லது. கரோட்டினொயிட்டு உறிஞ்சப்படக் கொழுப்பு தேவை. சுண்டலுக்குத் தேங்காய்ப்பூவும் இலைக்கஞ்சிக்குத் தேங்காய்ப்பாலும் சேர்க்கும் வழக்கம் மிகச் சரியானது.

ஆபத்து குளிசையில்தான் தொடங்குகிறது. பின்லாந்தில் 1985 முதல் 1993 வரை, புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் ஓர் ஆய்வு நடந்தது. நாளொன்றுக்கு 20 மில்லிகிராம் பீற்றாகரோட்டின் குளிசை எடுத்தோருக்கு, எடுக்காதோரைவிட நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது. காப்பாற்றும் என்று கொடுக்கப்பட்ட பொருளே கேடு செய்தது. அமெரிக்காவில் நடந்த இத்தகைய இன்னொரு ஆய்வு இதே காரணத்தால் 1996இல் இடைநிறுத்தப்பட்டது. கரட்டிலும் கீரையிலும் உள்ள கரோட்டினால் இப்படிக் கேடு வந்ததில்லை. விற்றமின் ஈ பெருமளவில் எடுத்தால், இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோபரின் மருந்தை உட்கொள்வோருக்கு இரத்தக்கசிவு ஏற்படலாம். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர் வைத்தியரிடம் கேட்காமல் இத்தகைய குளிசைகளைத் தொடவே கூடாது.

லேபிளும் ஏமாற்றக்கூடும். பொரித்த பொதித் தின்பண்டங்களில் ‘அனுமதிக்கப்பட்ட ஒட்சியேற்ற எதிரி’ என்ற குறிப்புடன் 319, 320, 321 போன்ற எண்கள் இருக்கும். அவை எண்ணெய் காறாமல் இருக்கச் சேர்க்கப்படுபவை. உண்பவரின் உடல்நலத்துக்காக அல்ல. ‘அன்டிஒக்சிடன்ட் நிறைந்தது’ என்று விற்கப்படும் பழப்பானத்தில் சீனியின் அளவைக் காட்டும் சிவப்பு அடையாளம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பொய்யான, தவறாக வழிநடத்தும் லேபிளையும் விளம்பரத்தையும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் தடை செய்கிறது. நீரிழிவையோ புற்றுநோயையோ குணமாக்கும் என்று கூறி ஒரு தூளோ பானமோ விற்கப்பட்டால், அந்தப் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடலாம். மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. மருந்துபோல் விற்கப்படும் குளிசைகள் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் கீழ் வரும். பதிவு இலக்கத்தைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. காலாவதியான பொருள், கூடுதல் விலை போன்றவை பற்றி 1977 என்ற இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு அறிவிக்கலாம். நட்டஈடு கோருவோர் வாங்கிய நாளிலிருந்து 3 மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். பற்றுச்சீட்டையும் போத்தலையும் அதுவரை எறியாமல் வைத்திருக்க வேண்டும்.