இன்று எழுதும் புள்ளிக்கு என்ன விலை?

தைபே நகரில் ஒரு டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார், மருந்து எழுதுகிறார், கணினியில் பில்லைப் பதிகிறார். நோயாளி கட்டியது சிறு தொகைதான். மீதியை அரசுக் காப்பீடு கொடுத்துவிடும். எவ்வளவு? அது அந்த டாக்டருக்கும் தெரியாது, காப்பீட்டு அலுவலகத்துக்கும் தெரியாது. பில்லில் இருப்பது தைவான் டாலர் அல்ல, புள்ளி. ஒரு புள்ளிக்கு எத்தனை காசு என்பது அந்தக் காலாண்டு முடிந்து கணக்குப் பார்த்த பிறகுதான் முடிவாகும்.

கூலி எவ்வளவு என்று தெரியாமலே வேலை செய்யும் இந்த விசித்திர ஏற்பாட்டைத் தைவான் வேண்டுமென்றேதான் செய்துவைத்திருக்கிறது.

1995 மார்ச் 1 வரை அங்கே தொழிலாளருக்கு ஒரு காப்பீடு, அரசு ஊழியருக்கு ஒன்று, விவசாயிக்கு ஒன்று. பத்துப் பேரில் சுமார் நான்கு பேர் எதிலும் இல்லை. பெரும்பாலும் குழந்தைகளும் முதியவர்களும். அன்றைக்கு எல்லாவற்றையும் ஒரே அரசுக் காப்பீடாக்கினார்கள். இன்று 99 சதவீதத்துக்கு மேல் மக்கள் அதற்குள் இருக்கிறார்கள்.

தொடக்கத்தில் பார்த்த வேலைக்கு ஏற்ற கூலி. ஊசி போட்டால் ஊசிக்கு, ஸ்கேன் எடுத்தால் ஸ்கேனுக்கு. இப்படிக் கொடுத்தால் ஊசியும் ஸ்கேனும் பெருகத்தான் செய்யும். 1998இல் செலவு வரவைத் தாண்டியது. பிரீமியத்தை ஏற்றினால் ஓட்டுப் போகும். நோயாளியின் பங்கை ஏற்றினால் ஏழைதான் அடிபடுவார். மிச்சமிருந்த வழி, வருடத்துக்கு இவ்வளவுதான் என்று மொத்தத் தொகைக்கு வரம்பு கட்டுவது.

அந்த வரம்பை எந்த வரிசையில் கொண்டுவந்தார்கள் என்பதில்தான் நிர்வாகத்தின் சாமர்த்தியம் தெரிகிறது. 1998இல் பல் மருத்துவர்கள், 2000இல் சீன மரபு மருத்துவம், 2001இல் கிளினிக்குகள், கடைசியாக 2002இல் ஆஸ்பத்திரிகள். பல்வலிக்காக யாரும் ஆம்புலன்ஸில் வருவதில்லை. வருடச் செலவை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். சிக்கல் குறைந்த இடத்தில் பழகிக்கொண்டு, பணமும் பலமும் அதிகமுள்ள ஆஸ்பத்திரிகளிடம் கடைசியில் போனார்கள். ஆஸ்பத்திரிகளில் தொடங்கியிருந்தால் திட்டம் முதல் வருடத்தைத் தாண்டியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

இனி அந்தப் புள்ளிக் கணக்கு. ஒரு வட்டாரத்துக்கு ஒதுக்கியது 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். டாக்டர்கள் எல்லோருமாகச் சேர்ந்து 100 கோடி புள்ளி எழுதினால், புள்ளிக்கு ஒரு டாலர். 125 கோடி எழுதினால் 80 காசு. உலையில் வைத்த அரிசி அதேதான். பந்தியில் இலை கூடக்கூட ஒவ்வொரு இலையிலும் சோறு குறைகிறது. சோறு போடுகிறவருக்கு நஷ்டமில்லை.

அதற்காக டாக்டர்கள் இலையைக் குறைத்துக்கொண்டார்களா? அதுதான் இல்லை. நான் ஒருவன் அடக்கி எழுதினால் புள்ளியின் மதிப்பு மயிரிழைகூட ஏறாது, என் வருமானம் மட்டும் இறங்கும். எல்லோரும் இப்படியே கணக்குப் போட்டால் எல்லோரும் அதிகம் எழுதுவார்கள், மதிப்பு இன்னும் சரியும், அதை ஈடுகட்ட இன்னும் எழுதுவார்கள். மொத்தச் செலவு கட்டுக்குள் நின்றது. ஆனால் ஒரு நோயாளிக்குக் கிடைக்கும் நிமிடங்கள் சுருங்கின. தைவான்காரர் ஒருவர் சராசரியாக வருடத்துக்குப் பதினைந்து முறை அளவில் டாக்டரிடம் போகிறார் என்றால், ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் பேசியிருக்க முடியும்?

வரம்பு கட்டினால் மட்டும் போதாது, உள்ளே நடப்பது கண்ணில் பட வேண்டும். முன்பு நோயாளியிடம் இருந்தது ஒரு காகித அட்டை. ஆறு கட்டங்கள்; ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு முத்திரை; ஆறும் நிறைந்தால் புது அட்டை. 2004இல் அது முழுமையாக சிப் வைத்த அட்டையாக மாறியது. யார் எங்கே போனார், என்ன மருந்து வாங்கினார் என்பது அன்றாடம் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போகிறது. மாதத்தில் அளவுக்கு மீறி டாக்டர்களைச் சுற்றுகிறவர் யார் என்பதும் தெரிந்துவிடும். 2013 முதல், மருந்து எழுதும் முன் வேறு டாக்டர் கொடுத்ததைத் திரையில் பார்க்கலாம். பின்னர் ஸ்கேன் படங்களும் அப்படியே வந்தன. நேற்று வேறிடத்தில் எடுத்த ஸ்கேனை இன்று மறுபடி எடுக்க வேண்டியதில்லை. நிர்வாகச் செலவோ மொத்தத்தில் ஒன்றிரண்டு சதவீதம்தான்.

பில் பார்க்கச் செய்த அட்டை, கொரோனா காலத்தில், 2020 பிப்ரவரி 6 முதல் முகக்கவசம் பங்கிட உதவியது. அடையாள எண் ஒற்றையில் முடிந்தால் திங்கள், புதன், வெள்ளி. இரட்டையில் முடிந்தால் செவ்வாய், வியாழன், சனி. மருந்துக்கடையில் அட்டையைச் செருகினால் வாரத்துக்கு இரண்டு. இரண்டாவது கடைக்குப் போனால் கிடைக்காது.

புள்ளிச் சண்டை மட்டும் ஓயவில்லை. ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு புள்ளி பெரும்பாலும் 90 காசை ஒட்டியே நின்றது. 2024இல் அரசு 95 காசை இலக்காக அறிவித்தது. அந்த ஐந்து காசை எங்கிருந்து எடுப்பது என்பதில் மறுபடியும் அதே கேள்விதான்: பிரீமியமா, நோயாளியின் பங்கா?