ஊர் பெயர் இல்லாத முகவரி

ராணுவத்தில் இருப்பவருக்குக் கடிதம் போட்டால் ஊர் பெயர் எழுதக் கூடாது, தெரியுமா? ராணுவ எண், பதவி, பெயர், படைப்பிரிவு, கடைசியில் 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. அவ்வளவுதான். படை இருக்கும் இடம் எதிரிக்குத் தெரியக் கூடாது. ராணுவத் தபால் பிரிவு சரியாகச் சேர்த்துவிடும்.

1984 முதல் நம் வீரர்கள் சியாச்சின் பனிமலையில் காவல் நிற்கிறார்கள். எங்க மாமா அங்கே இருந்தது, திரும்பி வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். பல நாள் போன் வராது. அத்தை டிவி செய்தியே போட மாட்டாங்க. "ஏதாவதுன்னா நமக்குத்தான் முதல்ல சொல்வாங்க" என்பாங்க. வருட லீவு 60 நாள். அது வரும்வரை காலண்டரில் தினமும் ஒரு கோடு.

நண்பர்களே, அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைகளிடம் "அங்க சண்டையா?" என்று கேட்காதீர்கள். "அப்பா லீவுக்கு எப்ப வர்றாரு?" என்று கேளுங்கள்.