மடவை மீனும் பாலாறும்

மீன்கள் கண்ட இடத்திலெல்லாம் முட்டையிடுவதில்லை. மடவை மீனைப் பாருங்கள். கழிமுகத்தில் வளரும் இம்மீன், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கடலுக்குச் சென்று முட்டையிடுகிறது. அம்முட்டையினுள் சிறு எண்ணெய்த் துளி உண்டு. உப்பு மிகுந்த நீரில் முட்டை மிதக்கும். நன்னீரிலோ அமிழ்ந்து கெடும். பொரிந்த குஞ்சுகள் நீரோட்டத்தாலும் ஓதத்தாலும் கரையை அடைந்து, இரை மிகுந்த கழிமுகத்தை நாடுகின்றன. அவ்வேளையில் ஆற்றின் வாயில் திறந்திருத்தல் வேண்டும்.

நந்திமலையில் தோன்றி, ஆம்பூர், வேலூர், ஆற்காடு ஆகிய ஊர்களைக் கடந்து, சுமார் 348 கிலோமீட்டர் ஓடும் பாலாறு, வயலூர் அருகே கடலில் கலக்கிறது. வெள்ளம் வந்தால் முகத்துவார மணல்மேடு உடையும். ஆறு வறண்டால் அலைகள் மணலைக் குவித்து வாயிலை அடைத்துவிடும். அப்பொழுது குஞ்சுகள் உட்புக வழியில்லை. ஆதலின், ஆற்காட்டில் ஆற்றைக் காப்பவர், தாம் காணாத கடலின் மீனையும் காப்பவரே ஆவர்.